எட்டுப் புள்ளி ஒத்துப்போனால் போதுமா? விரல் ரேகை அறிக்கையை எப்படிப் படிப்பது

பாலக்கரை:

வணக்கம். குற்றவியல் பக்கம் புதிதாக வந்திருக்கும் வழக்கறிஞர்களுக்குப் பயன்படட்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரு மாதிரி வழக்கு வைத்துக்கொள்வோம். பூட்டிய வீட்டில் களவு. இரும்பு பீரோ கதவிலிருந்து ஒரு சான்ஸ் பிரிண்ட், அதாவது சம்பவ இடத்தில் தற்செயலாகப் பதிந்த ரேகை, எடுத்திருக்கிறார்கள். வேறொரு வழக்கில் பிடிபட்டவரின் ரேகையோடு அது ஒத்துப்போகிறது என்று நிபுணர் அறிக்கை. அறிக்கை மொத்தமே ஒரு பக்கம்தான்: “கே1 எனக் குறிக்கப்பட்ட ரேகையும், எஸ்1 தாளில் உள்ள வலது ஆள்காட்டி விரல் ரேகையும் ஒரே அமைப்பில், எட்டு அடையாளப் புள்ளிகளில் ஒத்துள்ளன.” கே1 பீரோவில் கிடைத்த தடம், எஸ்1 பிடிபட்டவரின் மாதிரி ரேகைத் தாள். அடையாளப் புள்ளி என்பது கோடு முடிவது, கிளைப்பது போன்ற இடங்கள். படம் இணைக்கவில்லை. நேரில் பார்த்த சாட்சி இல்லை. களவுபோன பொருளும் மீட்கப்படவில்லை.

“ஒரே அமைப்பு” என்பதற்கு என்ன எடை? எட்டு என்ற கணக்கு எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இந்த ஒரு தாளை வைத்துத் தண்டனை நிற்குமா?

ரேகைக்கண்:

அமைப்பிலிருந்தே தொடங்கலாம். பலர் குழம்புவது அங்கேதான்.

விரல் ரேகையில் அடிப்படை அமைப்பு மூன்று: வில், கண்ணி, சுழி. ரேகைப் பிரிவில் ஆர்ச், லூப், வோர்ல் என்றுதான் புழங்குவார்கள். நூறு விரலை எடுத்தால் அறுபது, அறுபத்தைந்து லூப்பாக இருக்கும். முப்பது, முப்பத்தைந்து வோர்ல். ஆர்ச் ஐந்து தேறினால் அதிகம். ஆகவே “இரண்டும் லூப்” என்று சொல்வது, “இரண்டு பேருக்கும் மீசை இருக்கிறது” என்று சொல்வதற்குச் சமம். ஆளை அடையாளம் காட்ட அது உதவாது.

விலக்குவதற்கு மட்டும் அமைப்பு நன்றாக உதவும். சம்பவ இடத்தில் கிடைத்தது முழுமையான வோர்ல், பிடிபட்டவரின் பத்து விரலிலும் வோர்லே கிடையாது என்றால் மேற்கொண்டு ஒப்பிடவே வேண்டாம். அது அவர் ரேகை இல்லை.

இதிலும் ஒரு எச்சரிக்கை. சான்ஸ் பிரிண்ட் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். அமைப்பைத் தீர்மானிப்பது டெல்டா. மூன்று பக்கமிருந்து ஓடிவரும் கோடுகள் முக்கோணமாகச் சந்திக்கும் இடம் அது. சாதா ஆர்ச்சில் டெல்டா கிடையாது, லூப்பில் ஒன்று, வோர்லில் இரண்டு. இரட்டை லூப் வகை வோர்லில் ஒரு டெல்டா பதியாமல் போனால், பார்க்கும் கண்ணுக்கு அது அசல் லூப்பாகவே தெரியும். அதனால் துண்டு ரேகையைப் பார்த்து “இது லூப்” என்று அடித்துச் சொல்லும் நிபுணரிடம், “இரண்டு டெல்டா பகுதியும் பதிந்திருக்கிறதா?” என்று முதலில் கேட்க வேண்டும்.

லூப் சாயும் திசையையும் கவனியுங்கள். பெரும்பாலான லூப்கள் சுண்டுவிரல் பக்கமாகத் திறக்கும். தாளில் பதிந்த வலது கையில் சுண்டுவிரல் வலப்பக்கம் இருக்கும். ஆகவே தடயத்தில் லூப் வலப்பக்கம் திறந்தால் அநேகமாக அது வலது கை. “அநேகமாக” என்பதை அழுத்திச் சொல்கிறேன். கட்டைவிரல் பக்கம் திறக்கும் லூப்பும் உண்டு, அது அதிகம் தென்படுவது ஆள்காட்டி விரலில்தான். உங்கள் மாதிரி வழக்கில் இருப்பதும் ஆள்காட்டி விரல்.

காவேரிக்கரை:

ரேகைக்கண் சார், அமைப்புக்கு எடையே இல்லை என்றால் ஹென்றி வகைப்பாட்டை இன்னும் ஏன் படிக்கச் சொல்கிறார்கள்?

ரேகைக்கண்:

அது ஆளை அடையாளம் காட்ட வந்த முறை இல்லை தம்பி, அலமாரியில் தாளைத் தேட வந்த முறை. பத்து விரல்களை வலது கட்டைவிரலில் தொடங்கி இடது சுண்டுவிரல் வரை ஒன்று முதல் பத்து என்று எண்ணுங்கள். இரண்டிரண்டாகப் பிரித்தால் ஐந்து ஜோடி. அவற்றின் மதிப்பு வரிசையாக 16, 8, 4, 2, 1. வோர்ல் இருக்கும் விரலுக்கு மட்டும் அந்த மதிப்பு, மற்றதற்கெல்லாம் சுழியம். இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு ஒன்று சேர்த்தால் மேலே எழுதும் எண். ஒற்றைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு ஒன்று சேர்த்தால் கீழே.

வலது கட்டைவிரல், வலது மோதிர விரல், இடது ஆள்காட்டி விரல் மூன்றிலும் வோர்ல் என்று வையுங்கள். மோதிர விரல் நான்காவது, மதிப்பு 8, ஆகவே மேலே 8+1=9. கட்டைவிரல் முதலாவது, மதிப்பு 16. இடது ஆள்காட்டி ஏழாவது, மதிப்பு 2. ஆகவே கீழே 16+2+1=19. அந்தத் தாள் 9/19 அறைக்குப் போகும். வோர்லே இல்லாதவர் 1/1, பத்தும் வோர்ல் என்றால் 32/32. மொத்தம் 1,024 அறைகள்.

1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைக் கூடம் தொடங்கியபோது எட்வர்டு ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜிசுல் ஹக்கும் ஹேமசந்திர போஸும் உழைத்து உருவாக்கிய கணக்கு இது. உலகமெங்கும் மேலதிகாரியின் பெயரோடு போய்விட்டது. ஹக், போஸ் பெயர்களைச் சொல்லாமல் இந்தக் கணக்கை யாருக்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

இந்தக் கணக்கு பத்து விரலும் கையில் இருந்தால்தான் நடக்கும். பீரோ கதவில் இருக்கும் ஒற்றை விரலுக்கு உதவாது. அதற்கு இப்போது கணினித் தேடல்தான். 2022 முதல் தேசிய அளவில் நாஃபிஸ் என்ற தானியங்கி விரல் ரேகைத் தேடல் அமைப்பு இயங்குகிறது. பதிவாகும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண், அதில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்துக்கு உரியது. கணினி தருவது ஒத்துப்போகக்கூடியவர்களின் வரிசைப் பட்டியல். தீர்ப்புச் சொல்வது மனிதக் கண்.

தூரிகை:

தடயம் எடுக்கும் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். “இரும்பு பீரோ” என்று படித்ததுமே கேட்கத் தோன்றியது: எந்தப் பவுடர் போட்டார்கள்?

காந்தப் பவுடர் இரும்பின்மேல் போடக்கூடாது. பவுடரில் இருக்கும் இரும்புத் துகள் பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும், ரேகையும் பின்னணியும் ஒன்றாகக் கறுத்துவிடும். பெயிண்ட் அடித்த பீரோவுக்குச் சாதாரணப் பவுடர்தான். பெயிண்ட் வெளிர் நிறமென்றால் கறுப்பு, கருநிறமென்றால் அலுமினியம் அல்லது சாம்பல் நிறப் பவுடர். சுத்தியல் தட்டினாற்போலப் புள்ளி புள்ளியாக மேடுபள்ளம் வைத்த பெயிண்ட் என்றால் பவுடரே சரிவராது. கோடுகள் அந்தக் குழிகளில் அறுந்து அறுந்து விழும். அப்படி அறுந்த இடத்தை “ரேகை முடிவு” என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு. பீரோவின் பெயிண்ட் எப்படி இருந்தது என்று மகஜரில், அதாவது சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் பார்வைக் குறிப்பில், இருக்கிறதா பாருங்கள்.

பிரஷ் நுனியில் துளிப் பவுடர், அதையும் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். முதல் இழுப்பில் கோடு தெரிய ஆரம்பித்தவுடன் கோடு ஓடும் திசையிலேயே மெல்லத் துடைத்து நிறுத்திவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வரட்டும்” என்று மறுபடி போட்டால் மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அடைந்துபோகும். போனது திரும்ப வராது. ஈரமான பரப்பில் பிரஷ் வைக்கவே கூடாது. தானாக உலரவிட வேண்டும், அல்லது மாலிப்டினம் டைசல்பைடு கரைசலைத் தெளித்துக் கழுவ வேண்டும்.

வரிசை இதுதான்: முதலில் விளக்கைச் சாய்த்துக் கண்ணால் பார்ப்பது. அடுத்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, கேமரா பரப்புக்கு நேர் செங்குத்தாகப் படம். பிறகு பவுடர். மறுபடி படம். கடைசியில்தான் டேப் ஒட்டி ரேகையைப் பெயர்த்தெடுப்பது. டேப்பில் காற்றுக் குமிழி விழுந்தால் அந்த இடத்து ரேகை போனதுதான், அதனால் படமில்லாமல் டேப் எடுத்திருந்தால் அது பெரிய குறை. உங்கள் வழக்கில் படமே இல்லையென்பது நிபுணரின் கவனக்குறைவா, படம் இருந்தும் இணைக்கவில்லையா என்பதைப் பிரித்துக் கேளுங்கள்.

மற்ற பரப்புகள் சுருக்கமாக. எவர்சில்வர் பாத்திரம் பளபளப்பதால் கறுப்புப் பவுடரும் நேர்மேலிருந்து விழும் வெளிச்சமும் தேவை. பிளாஸ்டிக் பை, பாட்டில் போன்றவற்றுக்குச் சூப்பர் குளூ ஆவி. மூடிய பெட்டி, சுமார் 80 சதவீத ஈரப்பதம், பசையைச் சூடாக்க 120 டிகிரி. பெட்டிக்குள் புதிதாக விரல் பதித்த துண்டு ஒன்றையும் மாட்டிவைத்து, அதில் கோடு வெளுத்தவுடன் நிறுத்த வேண்டும். கூடுதலாகப் படிந்தால் இங்கும் பள்ளம் அடையும்.

காகிதத்துக்கு நின்ஹைட்ரின். வியர்வையில் உள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதாவாகும். சுமார் 80 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் சில நிமிடங்களில் வரும். அறை வெப்பத்தில் இருட்டில் வைத்தால் ஓரிரு நாள் ஆகும். ஏடிஎம் ரசீது போன்ற வெப்பத்தாளில் சாதாரண நின்ஹைட்ரின் கரைசல் பட்டால் தாளே கறுத்துவிடும். கரைப்பான் தவறாக இருந்தால் கடன் பத்திரத்தின் மை ஓடி எழுத்தும் போய்விடும். கையெழுத்துச் சோதனையும் தேவைப்படும் ஆவணமென்றால் அதை முதலில் முடித்துவிட்டுத்தான் ரசாயனம்.

நெல்லைச் சட்டம்:

தூரிகை அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டிஎன்ஏ மாதிரியும் எடுக்கப்போகும் இடமென்றால், பல பொருளில் ஓடிய பிரஷ் ஒரு பொருளின் செல்லை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். புதுப் பிரஷ் போட்டார்களா என்ற கேள்வி களவு வழக்கில் சிறியது, கொலை வழக்கில் பெரியது.

இப்போது எட்டுக்கு வருவோம். எட்டு என்ற எண் எந்த இந்தியச் சட்டத்திலும் இல்லை. நம் ரேகைப் பிரிவுகளில் பழகிவந்த நடைமுறை அது. எண்ணுக்கு அறிவியல் அடித்தளமும் இல்லை. சர்வதேச அடையாளவியல் சங்கம் 1973இலேயே, குறைந்தபட்சம் இத்தனை புள்ளி வேண்டும் என்று வைப்பதற்கு ஆதாரமில்லை என்று தீர்மானம் போட்டது. இங்கிலாந்தில் பல பத்தாண்டுகள் பதினாறு புள்ளி கேட்டார்கள், 2001இல் அதைக் கைவிட்டார்கள்.

எந்தப் புள்ளிகள் என்பதுதான் முக்கியம். வெறும் ரேகை முடிவும் கிளைப்பும் எல்லா விரலிலும் ஏராளம். ஒரு கோடு பிரிந்து உடனே சேர்ந்து கண்போல மூடுவது, பெரிய கோட்டிலிருந்து குட்டிக் கொக்கி நீட்டுவது, இரண்டு கோட்டுக்கு நடுவே தனிப்புள்ளி நிற்பது, இவை அரிது. இப்படிப்பட்ட நான்கும் அவற்றுக்கு நடுவே ஓடும் கோடுகளின் எண்ணிக்கையும் பொருந்தினால், பத்துச் சாதாரண முடிவுகளைவிட அது கனமானது. “எட்டு” என்று மட்டும் எழுதிய அறிக்கை இதில் எதையும் சொல்லவில்லை.

அரசுத்தரப்பு:

இங்கே நான் மாறுபடுகிறேன். ஜஸ்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979இல், பெருவிரல் ரேகையை அடையாளம் காணும் கலை துல்லியமான அறிவியல், அதில் பிழைக்கோ சந்தேகத்துக்கோ இடமில்லை என்று சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு வழக்கிலும் பியூரோ (விரல் ரேகைக் கூடம்) ஆளை நிறுத்திவைத்து அடிப்படையிலிருந்து நிரூபிக்கச் சொன்னால் எந்தக் களவு வழக்கும் முடியாது. கருவிலேயே உருவாகும் ரேகை சாகும்வரை மாறாது, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையருக்கும் வேறுபடும். இதைவிட என்ன வேண்டும்?

நெல்லைச் சட்டம்:

சார், ரேகை மாறாது, இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்காது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நீதிமன்றத்துக்கு வருவது விரல் இல்லையே. பீரோவில் பாதி பதிந்து, பவுடர் பட்டு, டேப்பில் ஏறி, ஒருவர் கண்ணால் படித்த தடம் அல்லவா வருகிறது? விரல் தனித்தன்மையானது என்பதால் அதைப் படித்தவரும் தவறு செய்ய மாட்டார் என்று ஆகிவிடாது.

2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பைப் பாருங்கள். டெட்டனேட்டர்கள் இருந்த நீல நிறப் பிளாஸ்டிக் பையில் ஒரு ரேகை. எஃப்பிஐ கணினி இருபது பேரின் பட்டியலைத் தந்தது. நான்காவதாக வந்தவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்கறிஞர் மேஃபீல்ட். பதினைந்து புள்ளி ஒத்துப்போகிறது என்றார்கள். நம் எட்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒருவர் பார்த்ததை இன்னும் இருவர் சரிபார்த்தார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஆமோதித்தார். ஏப்ரலிலேயே ஸ்பெயின் போலீஸ் பொருந்தவில்லை என்று எழுதியும், மே 6 அவரைப் பிடித்து அடைத்தார்கள். மே 19 ஸ்பெயின் அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று அறிவித்தது. மறுநாள் இவர் வெளியே வந்தார். எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது, 2006இல் அமெரிக்க அரசு இருபது லட்சம் டாலர் கொடுத்தது.

பிழை எப்படி நேர்ந்தது என்று அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் எழுதியதைக் குற்றவியல் வழக்கறிஞர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். இரண்டு ரேகையும் உண்மையிலேயே அசாதாரணமாக ஒன்றுபோல இருந்தன. பெரிய தரவுத்தளத்தில் தேடினால் அப்படித்தான் வரும், மிக நெருக்கமாக ஒத்த வேற்று ஆளைத்தான் கணினி தேடிக் கொடுக்கும். அடுத்து, தடத்தில் தெளிவில்லாத இடங்களை மேஃபீல்டின் ரேகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார்கள். அவர் விரலில் இருப்பது தடத்தில் “தெரிய” ஆரம்பித்தது. கடைசியாக, தடத்தின் மேல் இடது பகுதி பொருந்தவே இல்லை. அது வேறொரு தொடுதலில் விழுந்திருக்கும் என்று சமாதானம் சொல்லி ஒதுக்கினார்கள்.

ரேகைக்கண்:

அந்தக் கடைசி வரிதான் எங்கள் தொழிலின் உயிர்நாடி. விளக்கமுடியாத வேறுபாடு ஒன்றே ஒன்று இருந்தாலும் ஒத்துப்போன பதினைந்தும் வீண். வேறுபாட்டுக்குக் காரணம் சொல்லலாம், ஆனால் அந்தக் காரணம் தடத்திலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரட்டைத் தொடுதல் என்றால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். அழுத்தம் என்றால் கோடுகள் தடித்து விலகியிருக்க வேண்டும்.

ஒழுங்கான முறை இப்படி: சம்பவ இடத் தடத்தைத் தனியாக வைத்து, சந்தேக நபரின் தாளைப் பார்க்காமலேயே, தெரியும் புள்ளிகளைக் குறித்துக் கையெழுத்திட்டு மூட வேண்டும். அதன் பிறகுதான் ஒப்பீடு, முடிவு, இன்னொருவர் சரிபார்ப்பு. சரிபார்ப்பவருக்கு முதலாமவர் முடிவு தெரியக்கூடாது. 2006இல் இட்டியல் டுரோர் குழு ஐந்து நிபுணர்களிடம், முன்பு அவர்களே பொருந்துகிறது என்று சொன்ன ஜோடிகளை மறுபடி கொடுத்தது. இது மேஃபீல்ட் வழக்கின் தவறான ஜோடி என்று மட்டும் சொன்னார்கள். ஐவரில் நால்வர் பேச்சை மாற்றினார்கள். “ஆள் கிடைத்துவிட்டார், வாக்குமூலமும் கொடுத்துவிட்டார், ரேகையைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று அனுப்பும் கடிதம் எவ்வளவு கெடுதி செய்யும் என்று இதிலிருந்து கணக்கிடலாம்.

அரசுத்தரப்பு சார் சொன்ன நம்பகத்தன்மைக்கும் நியாயம் உண்டு. 2011இல் அமெரிக்காவில் 169 நிபுணர்களை வைத்துச் செய்த ஆய்வில், வேறொருவர் ரேகையைத் தவறாகப் பொருத்தியது ஒப்பீடுகளில் 0.1 சதவீதம். பொருந்த வேண்டியதைப் பொருந்தாது என்றது 7.5 சதவீதம். அதாவது தவறு குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான பக்கமே அதிகம் சாய்கிறது. ஆனால் சுழியம் இல்லை.

அரசுத்தரப்பு:

ஏற்கிறேன். புள்ளி குறித்த பெரிதாக்கிய படத்தை இணைக்கச் சொல்வதில் அரசுத் தரப்புக்கும் நன்மைதான். குறுக்கு விசாரணையில் நிபுணர் தடுமாறாமல் நிற்க அதைவிட நல்ல துணை இல்லை.

நடைமுறை விஷயம் ஒன்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 293ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 329. சில அரசு அறிவியல் நிபுணர்களின் அறிக்கையை அவர்களை விசாரிக்காமலே சான்றாக ஏற்கலாம். அந்தப் பட்டியலில் இருப்பது “விரல் ரேகைக் கூடத்தின் இயக்குநர்”. மாவட்டப் பிரிவு நிபுணரின் கையெழுத்து மட்டும் உள்ள அறிக்கை தானாக அதில் அடங்கும் என்று நம்பி அவரைச் சாட்சியாக நிறுத்தாமல் விடுவது அரசுத் தரப்பின் தவறு. நிறுத்திவிடுங்கள். நிபுணர் கருத்து என்ற வகையில் ஏற்புக்கு உரியது புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதிநியமத்தின் 39ஆம் பிரிவின் கீழ், பழைய சாட்சியச் சட்டத்தில் 45.

காவேரிக்கரை:

மாதிரி ரேகையை மாஜிஸ்திரேட் முன்புதான் எடுக்க வேண்டுமா? இதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நெல்லைச் சட்டம்:

ரேகை கொடுக்கச் சொல்வது தனக்கெதிராகச் சாட்சி சொல்லவைப்பது ஆகாது என்பது 1961இல் காதி காலு ஓகத் வழக்கில் பதினொரு நீதிபதி அமர்வு முடிவுசெய்தது. அதில் சர்ச்சை இல்லை.

யார் முன்னிலையில் என்பதுதான் வழக்குகளை உடைக்கிறது. முகமது அமான் வழக்கில் 1997இல் ஒரு பித்தளைச் செம்பில் இருந்த ரேகை முக்கியச் சான்று. உச்ச நீதிமன்றம் அதை நம்ப மறுத்தது. செம்பு பியூரோவுக்குப் போய்ச்சேரும்வரை யாரும் கைவைத்திருக்க முடியாது என்று அரசுத் தரப்பு காட்டவில்லை. மாதிரி ரேகை மாஜிஸ்திரேட் முன்போ அவர் உத்தரவின்படியோ எடுக்கப்படவில்லை. விசாரணையில் அந்தச் செம்பையே கொண்டுவந்து சான்றுப் பொருளாகக் குறியீடு செய்யவில்லை. செம்பு இல்லாமல், அந்தப் புகைப்படம் அந்தச் செம்பின் ரேகைதான் என்று எப்படிச் சொல்வது?

2019இல் ஆஷிஷ் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் தாமாக எடுப்பது சட்டவிரோதம் ஆகாது, ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இருந்தால் இட்டுக்கட்டிய சான்று என்ற சந்தேகம் எழாது என்ற நிலை எடுத்து, அந்த வழக்கின் சூழலில் ரேகையை நம்பாமல் விட்டது. ஆகக் கட்டாயம் இல்லை, ஆனால் இல்லாவிட்டால் சந்தேகத்துக்கு வழி.

கைதிகளின் ரேகை எடுப்பதற்கான 1920ஆம் ஆண்டுச் சட்டம் போய் இப்போது குற்றவியல் நடைமுறை (அடையாளம்) சட்டம் 2022 இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 4 முதல் நடைமுறை. தலைமைக் காவலர் தரத்துக்குக் குறையாதவர் எடுக்கலாம். ரத்தம் போன்ற உயிரியல் மாதிரியைச் சில வழக்குகளில் மறுக்கலாம், ரேகையை மறுக்க முடியாது. பதிவு 75 ஆண்டு இருக்கும். முன் தண்டனை இல்லாதவர் விடுதலையானால், மேல்முறையீடுகள் முடிந்தபின் அழிக்க வேண்டும், நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாகச் சொன்னாலொழிய. மாநில அரசு இதற்கென நியமித்த பொறுப்பு (நோடல்) அதிகாரியிடம் அதற்கு மனுக் கொடுக்கலாம். விடுதலைத் தீர்ப்பைக் கையில் கொடுத்துக் கட்சிக்காரரை அனுப்பிவிடுகிறோம், இந்த மனுவை யாரும் போடுவதில்லை. தயவுசெய்து போடுங்கள்.

காவேரிக்கரை:

நன்றி அண்ணா. ஆதாரில் தேடிப் பார்க்கலாமே என்று பலர் கேட்கிறார்கள்?

நெல்லைச் சட்டம்:

முடியாது. ஆதார் சட்டம் 29ஆம் பிரிவு விரல் ரேகை, கருவிழிப் பதிவை எந்தக் காரணத்துக்கும் பகிரக்கூடாது என்கிறது. 33இன் கீழ் உயர் நீதிமன்ற நீதிபதி உத்தரவிட்டால்கூடப் பெயர், முகவரிபோன்ற தகவல்தான் வெளிவரும், ரேகை வராது.

ரேகைக்கண்:

மாதிரி ரேகை எடுக்கும் விதத்திலும் தவறு நிறைய. மை உருட்டிய பலகையில் விரல் வைக்குமுன் கையைக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட வேண்டும். கட்டைவிரலை உடலை நோக்கியும், மற்ற விரல்களை உடலுக்கு வெளியேயும், நகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டு. திரும்பி உருட்டினால் கோடு இரட்டிக்கும். கீழே நான்கு விரல்களையும் சேர்த்து ஒரே பதிவாக அழுத்துவது சும்மா இல்லை. மேலே விரல் வரிசை மாறிப் பதிந்திருந்தால் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். உங்கள் அறிக்கை “வலது ஆள்காட்டி” என்கிறது. சேர்த்துப் பதித்த வரிசையில் இரண்டாம் விரலும் அதே ரேகைதானா என்று பாருங்கள்.

சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் சூளை வேலை பார்ப்பவர்களுக்கு மேடு தேய்ந்து தட்டையாக இருக்கும். மை குறைவாக, அழுத்தம் குறைவாக எடுக்க வேண்டும். மையைக் கூட்டினால் வெறும் கறுப்பு வட்டம்தான் கிடைக்கும்.

பாலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மிச்சம். ரேகை அவருடையதுதான் என்று வைத்துக்கொண்டால்? பீரோ வேலைக்காகவோ வண்ணமடிக்கவோ முன்பு அந்த வீட்டுக்குப் போனவர் என்று தற்காப்பு வந்தால்?

தூரிகை:

ரேகைக்கு வயது சொல்ல நம்பத்தக்க முறை கிடையாது. பவுடர் நன்றாக ஒட்டியதால் புதுசு என்று எந்த நிபுணரும் சொல்லக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள விரலின் ரேகை மூடிய பீரோவின் உட்பக்கத்தில் மாதக்கணக்கில் நிற்கும். உச்சி வெயில் படும் ஜன்னலில் சில நாளில் போகும்.

காலத்தை இடம்தான் சொல்லும். வெளிப்பக்கக் கைப்பிடியில் இருந்தால் யாரும் எப்போதும் தொட்டிருக்கலாம். உள் லாக்கரை நெம்பியபோது பெயிண்ட் உரிந்து தெரியும் பச்சை இரும்பின்மேல் இருந்தால், அதை நெம்பிய பிறகுதான் தொட்டிருக்க முடியும். அதனால் “பீரோ கதவு” என்ற சொல் போதாது. எந்தக் கதவு, உள்ளா வெளியா, கீழிருந்து எத்தனை சென்டிமீட்டர், விரல் நுனி மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று வரைபடம் வேண்டும். கதவை இழுத்த விரலும், சாய்ந்து நின்ற விரலும் வேறு திசையில் பதியும்.

வீட்டுக்காரர், வேலைக்கு வருபவர், முதலில் போன போலீஸார் எல்லோருடைய ரேகையும் எடுத்துக் கழித்தார்களா என்பதும் முக்கியம். அது இல்லாமல் “சந்தேகத்துக்குரிய ரேகை” என்று ஒன்று உருவாகவே முடியாது. கையுறை போட்டுக்கொண்டு போய்ப் பீரோவைத் தொட்டாலும், இருந்த ரேகை அழியக்கூடும்.

ரேகைக்கண்:

இதை 1898இலேயே புரிந்துகொண்டார்கள். ஜல்பாய்குரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலை. பெட்டியில் இருந்த வங்காளிப் பஞ்சாங்கத்தில் ரத்தக்கறை படிந்த பெருவிரல் தடம். முன்பு களவில் தண்டனை பெற்றிருந்த அவருடைய பழைய வேலைக்காரரின் ரேகையோடு பொருந்தியது. நீதிமன்றம் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பஞ்சாங்கத்தைத் தொட்டார் என்பதுவரை தடம் சொல்கிறது, கத்தியை யார் பிடித்தார் என்று சொல்லவில்லை. ஹென்றி காலத்து நீதிமன்றம் போட்ட அந்தக் கோடு இன்றைக்கும் சரியான கோடு.

அரசுத்தரப்பு:

ஆகப் பாலக்கரை கேட்ட வழக்கில், நான் அரசுத் தரப்பில் இருந்தால் வழக்கு நாளுக்கு முன்பே புலனாய்வு அதிகாரியிடம் கேட்பது: தடம் எடுத்த இடத்தின் வரைபடம், டேப்பும் மூலப் படமும், பியூரோவுக்கு அனுப்பிய முத்திரைக் குறிப்பு, இடையில் எத்தனை நாள் எங்கே இருந்தது, மாதிரி ரேகைக்கான உத்தரவு, வீட்டாரின் கழிப்பு ரேகை, புள்ளி குறித்த ஒப்பீட்டுப் படம். தண்டனை ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள பிரிவு என்றால், பிஎன்எஸ்எஸ் 176(3) மாநிலத்தில் அறிவிக்கை ஆகியிருக்கும்பட்சத்தில் தடயவியல் வருகையின் வீடியோவும்.

பாலக்கரை:

மிகத் தெளிவு. ஒப்பீட்டுப் படத்தை வாங்கிவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

ரேகைக்கண்:

படம் இடவலமாகப் புரண்டிருக்கிறதா என்று. டேப்பின் ஒட்டும் பக்கத்திலிருந்து எடுத்த படமும், தவறாகத் திருப்பி அச்சிட்ட படமும் கண்ணாடி பிம்பமாக இருக்கும். வலப்பக்கம் திறக்க வேண்டிய லூப் இடப்பக்கம் திறக்கும். பக்கத்தில் வைத்த அளவுகோலில் எண்கள் நேராகப் படிக்கவருகிறதா பாருங்கள். அது சரியென்றால் அடுத்தது நிறம். அலுமினியம் போட்டு எடுத்த படத்தில் மேடு வெள்ளையாகவும் பள்ளம் கறுப்பாகவும் இருக்கும், மைத் தாளில் மேடு கறுப்பு. நிறத்தைத் திருப்பாமல் ஒப்பிட்டால், ஒன்றில் மேடு முடியும் இடம் இன்னொன்றில் பள்ளம் முடியும் இடமாகிப் புள்ளி ஒரு கோடு தள்ளி விழும். இரண்டையும் பார்த்தபின் கே1இல் முதல் புள்ளியில் பென்சிலை வையுங்கள். அங்கிருந்து இரண்டாம் புள்ளிக்கு எத்தனை கோடு தாண்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள். எஸ்1இல் அதே எண் வர வேண்டும். இப்படி எட்டையும் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, எண் பொருந்தாத ஜோடி எதுவோ அதை வைத்து உங்கள் முதல் கேள்வியைத் தொடங்குங்கள்.